நெல்லில் விளைந்த மனித நொதி

ஆய்வுக்கூடங்களுக்குச் சரக்கு விற்கும் நிறுவனங்களின் பட்டியலில் ‘மனித லைசோசைம்’ என்றொரு வெள்ளைப் பொடி உண்டு. விற்பனை மில்லிகிராம் கணக்கில். பெயரை ஒட்டி, மறுசேர்க்கை முறையில், அதாவது ஒரு புரதத்துக்கான மரபணுவை வேறோர் உயிரில் பொருத்தி, ஆனது என்றும் நெல்லில் உருவாக்கப்பட்டது என்றும் குறிப்பு இருக்கும். கூடவே இத்தகைய சரக்குகள் எல்லாவற்றின் மேலும் ஒட்டுகிற எச்சரிக்கையும் வரும்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல. மனிதருடையது என்கிறார்கள், மனிதருக்கு ஆகாது என்றும் சொல்கிறார்கள். நடுவில் நெல் வேறு வந்து நிற்கிறது. லைசோசைம் நம் கண்ணீரிலும் எச்சிலிலும் தாய்ப்பாலிலும் சுரக்கிற நொதி. பாக்டீரியாவின் செல் சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை வெட்டி, அதை உடைந்துபோகச் செய்வது அதன் வேலை. பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1922இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் மூக்குச்சளியில் இதைக் கண்டு அறிவித்தார். 130 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதம், அவ்வளவுதான். ஆனால் நெல்லுக்குள் அது வந்து உட்கார்ந்ததும் கேள்வி ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூரிலும், பக்கத்து வில்லியனூர் கொம்யூனிலும் களத்துக்கு வருகிற முதல் நெல் படையலுக்குப் போகிறது, குழந்தைக்கு முதல் கவளமாகிறது, இறந்தவருக்கு வாய்க்கரிசியாகிறது. அப்படிப்பட்ட நெல்மணிக்குள் மனிதரின் எச்சில் நொதி இருந்தால் அது நெல்லா, மனித உடம்பின் பகுதியா? அதை உண்பது எச்சிலை உண்பதாகுமா, ஊனை உண்பதாகுமா? அறிவியல் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இது. அப்படிச் சிரித்துத் தள்ளுவதற்கில்லை என்பதே என் எண்ணம்.

பாகூர் உழவர் எவரும் இப்படியொரு நெல்லை நடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வணிகச் சாகுபடிக்குப் பரவியிருக்கும் மரபணு மாற்றப் பயிர், 2002இல் அனுமதி பெற்ற பருத்தி ஒன்றுதான். மனித லைசோசைம் நெல்லை வளர்த்தது அமெரிக்காவின் வென்ட்ரியா பயோசயின்ஸ் நிறுவனம். அதன் செய்முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சமயக் கேள்விக்கான விடை பாதி அங்கேதான் கிடக்கிறது. லைசோசைமின் அமினோ அமில வரிசை எப்போதோ தெரிந்துவிட்ட ஒன்று. அந்த வரிசையைத் தரக்கூடிய டி.என்.ஏ.வை ஆய்வுக்கூடத்தில் எழுத்தெழுத்தாகக் கோக்கிறார்கள். ஒரே அமினோ அமிலத்தைக் குறிக்க மரபுக் குறியீட்டில் பல எழுத்துக்கூட்டுகள் உண்டு. அவற்றில் நெல்லுக்குப் பழகியது எதுவோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே நெல்லுக்குள் போகிற அந்த டி.என்.ஏ. அதே எழுத்து வரிசையில் எந்த மனித உடம்பிலும் இருந்ததில்லை. அதற்கு முன்னால் நெல்லின் சேமிப்புப் புரதத்தைச் சுரக்கவைக்கும் விசையைப் பொருத்துவதால், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் மணிக்குள் லைசோசைம் சேருகிறது. அறுவடைக்குப் பின் அரிசியை மாவாக்கி, உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டி, எதிர்மின்னேற்றம் கொண்ட பிசின் மணிகள் நிரப்பிய குழாயில் விடுகிறார்கள். லைசோசைம் நேர்மின்னேற்றம் மிகுந்த புரதம் என்பதால் மணிகளைப் பற்றிக்கொள்ளும். அரிசியின் மற்றப் புரதங்கள் பெரும்பாலும் வழிந்தோடிவிடும். உப்பின் அளவைக் கூட்டினால் பிடி தளர்ந்து லைசோசைம் இறங்கி வரும். உறையவைத்து உலர்த்தினால் பொடி. கண்ணீரின் நொதி சீசாவில் சேர்ந்துவிட்டது, யாரும் அழவில்லை.

இது நெல்லா மனிதமா என்று தீர்மானிக்க நம் மரபிலேயே ஒரு அளவுகோல் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. காரண காரிய வாதம் இல்லாமல் அக்காலக் கல்வியில் தர்க்கம் கிடையாது. பிறகு பதின்மூன்றாம் நூற்றாண்டில், இங்கிருந்து அதிக தூரமில்லாத திருவெண்ணெய்நல்லூரில், மெய்கண்டார் சிவஞானபோதத்தில் அந்த வாதத்தைத் தமிழில் இறுக்கிக் கட்டினார். சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்தையும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றாகப் பிரித்துப் பார்க்கும். குடத்துக்கு மண் முதல், தண்டும் சக்கரமும் துணை, குயவர் நிமித்தம். லைசோசைம் பொடியை இந்த உரைகல்லில் தேய்ப்போம். அதன் கார்பன் காற்றிலிருந்து இலை வழியாக வந்தது. நைட்ரஜன் மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும் வந்தது. ஹைட்ரஜன் பாசன நீரிலிருந்து வந்தது. முதற்காரணம் முழுக்க வயல். அமினோ அமிலங்களைக் கோத்தது நெற்செல்லின் ரைபோசோம், ஆகவே துணைக்காரணமும் நெல். நிமித்த காரணத்தில்தான் மனிதர் வருகிறார், அதுவும் குயவராக, மண்ணாக அல்ல. மிஞ்சுவது குடத்தின் வடிவம், அதாவது அந்த 130 அமினோ அமிலங்களின் வரிசை. ‘மனித’ என்ற அடைமொழி தொற்றிக்கொண்டு நிற்பது அந்த ஒரே இடத்தில். குடத்தின் வடிவம் குயவரின் உடம்பிலிருந்து பிய்த்தெடுத்தது ஆகாது என்றால், லைசோசைமின் வடிவமும் எவருடைய உடம்பிலிருந்தும் பிய்த்தெடுத்தது ஆகாது. சீசாவில் மனித வடிவம் இருக்கிறது, மனிதர் இல்லை. எனவே இந்தப் பொருள் தூயதா தீட்டா என்று பொருளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. இது வந்த வழியில் யாருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால்தான் கிடைக்கும். சமயம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று சொல்லவே இவ்வளவும்.

வடிவத்துக்குள் ஆள் இல்லை என்பதை வாதத்தால் மட்டும் நிறுவ வேண்டியதில்லை. வில்லியனூர் மருந்துக்கடைகளின் குளிர்பெட்டியிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், நீரிழிவு அதிகமுள்ள இடம் கோவா, 26.4 சதவீதம், அடுத்த இடம் புதுச்சேரி, 26.3 சதவீதம். அப்படியிருக்கும்போது ‘ஹியூமன் இன்சுலின்’ என்ற எழுத்தைப் பார்க்காத தெரு இங்கே இருக்க முடியாது. இன்சுலின் நொதி வகையைச் சேர்ந்ததல்ல, ஹார்மோன். ஆனால் அதன் கதை நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதம் பன்றியில் ஒரே ஒரு இடத்தில், ஒரு சங்கிலியின் கடைசி அமினோ அமிலத்தில் மட்டும், மனிதருடையதிலிருந்து வேறுபடுகிறது; மாட்டில் மூன்று இடங்களில். 1980களின் தொடக்கத்தில் இரண்டு வழிகள் ஒரே சமயத்தில் வந்தன. ஜெனென்டெக்கும் லில்லியும் ஈ.கோலை பாக்டீரியாவில் மனித இன்சுலினைச் செய்தன. 1982இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. டென்மார்க்கின் நோவோ நிறுவனமோ பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினில் அந்தக் கடைசி அமினோ அமிலத்தை ஒரு நொதியின் உதவியால் மாற்றிப் பொருத்தி, மனித இன்சுலின் என்று விற்றது. இரண்டும் அணுவுக்கு அணு ஒன்று. எந்த வேதியியல் பரிசோதனையாலும் இது பாக்டீரியாவில் பிறந்தது, அது பன்றியில் பிறந்தது என்று மூலக்கூறைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒரு அமினோ அமிலத்தை மாற்றியதும் பன்றி மனிதராகிவிட்டதா? ஆகவில்லை, முன்பும் அதில் பன்றி இல்லை, பின்பும் மனிதர் இல்லை. இன்னும் ஒரு சான்று. செல்லின் மூச்சுக்கு வேண்டிய சைட்டோகுரோம் சி என்ற புரதம் 104 அமினோ அமிலங்கள் கொண்டது. மனிதருக்கும் சிம்பன்சிக்கும் அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ‘மனித சைட்டோகுரோம் சி’ என்று எழுதிய சீசாவில் ‘சிம்பன்சி’ என்று எழுதி ஒட்டினாலும் பொய் சொன்னதாகாது.

ஆனாலும் அந்த இரண்டு இன்சுலின்களும் சமயத்தின் கண்ணுக்கு ஒன்றல்ல. வில்லியனூரை ஒட்டிய சுல்தான்பேட்டையில் ஒருவர் பன்றி வழி வந்ததை ஒதுக்கி, பாக்டீரியா வழி வந்ததை ஏற்றால், அவரை வேதியியல் தெரியாதவர் என்று சொல்லிவிடுவோமா? இஸ்லாமியச் சட்டவியலில் இஸ்திஹாலா என்றொரு கோட்பாடு உண்டு. பொருள் தன் இயல்பே மாறி வேறொன்றானால் பழைய தடை அதன்மேல் நிற்காது என்பது அதன் சாரம். மது தானாகப் புளித்துக் காடியானால் அது ஆகுமானது என்பதில் எல்லாச் சட்டப் பள்ளிகளும் உடன்படுகின்றன. இன்னொரு பக்கம், உயிர்காக்கும் நெருக்கடியில் தடை தளரும் என்ற விதியும் உண்டு. இந்த இரண்டு விதிகளும் பொருளைவிட அது கடந்து வந்த வழியையும், யாருக்கு எந்த நெருக்கடியில் தேவைப்படுகிறது என்பதையுமே எடைபோடுகின்றன. சட்ட அறிஞர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் இந்த எடைபோடலை, ‘எல்லாம் மூலக்கூறுதானே’ என்ற ஒரு வரியால் தாண்டிவிட முடியாது. மூலக்கூறு ஒன்றுதான் என்பது சரி. ஒருவர் எதற்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதற்கு மூலக்கூறில் பதில் கிடையாது.

எச்சில் என்ற சங்கடத்துக்கு வருவோம். நம்மூரில் தீட்டுகளிலேயே எளிதில் ஒட்டுவது எச்சில். தம்ளரை வாய்க்கு மேலே தூக்கிக் குடிக்கிற பழக்கம் அதற்காகவே பிறந்தது. படையலுக்கான நெல்லில் எச்சில் நொதி என்றால் முகம் சுளிப்பது இயல்பு. அந்தச் சுளிப்பைப் பகுத்தறிவால் அதட்ட வேண்டாம், பெரியபுராணமே போதும். கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த நீரால் லிங்கத்துக்கு முழுக்காட்டினார். மென்று பதம் பார்த்த இறைச்சியைப் படைத்தார். ஆகமம் கற்ற சிவகோசரியார் பதறி, கோயிலைக் கழுவிவிட்டு மறுபடி பூசை செய்தார். இறைவன் யார் பக்கம் நின்றார் என்பது தெரிந்த கதை. அந்த நீரில் லைசோசைம் இருந்திருக்கும் என்பதை நகைச்சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. உண்மையான எச்சிலே, உண்மையான வாயிலிருந்து உமிழ்ந்ததே, அன்பு என்ற உறவுக்குள் தீட்டாகாமல் போனது என்றால், யாருடைய வாயையும் தொடாத புரதத்தைத் தீட்டு என்று சொல்ல எதைப் பிடித்துக்கொள்வது? எச்சில் என்பது ஒருவர் வாய்க்கும் இன்னொருவருக்கும் இடையிலான உறவின் பெயர். அதில் உள்ள ஒரு புரதத்தைத் தனியே பிரித்து எடுத்தால் உறவு கூடவே வருவதில்லை.

ஊன் என்ற சங்கடம் இதைவிட ஆழமானது. பாகூருக்குத் தெற்கே கடலூர் தாண்டி வடலூர் இருக்கிறது. 1867இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய ஊர். இந்த வட்டாரத்தில் புலால் மறுத்தவர்கள் பலருக்கு அவர் வழியே வழி. தாவரங்களுக்கும் உயிர் உண்டே, அவற்றை உண்பது மட்டும் தகுமா என்ற எதிர்வாதத்தை ஜீவகாருண்ய ஒழுக்கம் நூலில் அவரே எழுப்பிப் பதில் சொல்கிறார். வித்தும் காயும் கனியும் நம் உடம்பின் நகம், முடி போன்றவை. அவற்றை எடுப்பதால் உயிருக்குத் துன்பம் நேர்வதில்லை என்பது அவர் பதிலின் போக்கு. இந்தப் பதிலில் கவனிக்க வேண்டியது, உடம்பைச் சேர்ந்தது என்பதையும் உயிர் துன்புறுவது என்பதையும் அவர் தெளிவாகப் பிரித்துவிட்டார் என்பதுதான். அவருக்கு அளவுகோல் துன்பம், உடற்பொருள் அல்ல. நகமும் முடியுமே ஊனாகாது என்றால், நகத்தைப் போல ஒருவர் உடம்பில் வளரக்கூட வளராத நெல் லைசோசைம் எப்படி ஊனாகும்? ஈ.கோலையில் செய்யும் நொதிகளுக்காகக் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உடைத்தெடுக்கப்படுகின்றனவே, அவை உயிரில்லையா என்று ஒரு சமணர் கேட்கலாம். அவர் மரபில் அது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் கண்ணீரில் உள்ள லைசோசைம் ஒவ்வொரு இமைப்பிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. நாம் உயிரோடு இருப்பதே அந்தக் கணக்கில் இடைவிடாத கொலை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தியது. உயிர் என்று வந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை என்று பழந்தமிழர் ஒத்துக்கொண்டதன் அடையாளம் அது.

இனி என் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான ஆட்சேபம். மூலக்கூறின் பூர்வீகம் சமயத்துக்கு ஒரு பொருட்டே இல்லை என்றால், தீர்த்தம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? 1877இல் எழுந்த வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தின் குளத்து நீரைப் பக்தர்கள் புனிதமாகக் கருதுகிறார்கள். அந்த நீர் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொஞ்சம் உப்பும்தான். அருகில் திருக்காமீசுவரர் கோயிலில் கொடுக்கிற தீர்த்தமும் அப்படியே. பூர்வீகத்தால் புனிதம் ஏறும் என்றால் பூர்வீகத்தால் தீட்டும் ஏறத்தானே வேண்டும்? சரியான கேள்வி. பூர்வீகம் முக்கியம் என்பதை நானும் மறுக்கவில்லை. மூலக்கூறுக்குள் அது பதுங்கியிருக்கிறது என்பதைத்தான் மறுக்கிறேன். அந்தக் குளத்து நீருக்குப் புனிதம் வந்தது, அங்கே மண்டியிட்ட தலைமுறைகளாலும் அவர்கள் வேண்டுதலாலும். அது மனிதருக்கும் கடவுளுக்கும் மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் நடந்தவற்றின் வரலாறு. நொதிக்கும் அப்படியொரு வரலாறு இருக்குமானால் அதைச் சமயம் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். சில நொதிகளுக்கு இருக்கிறது.

காஷே நோய் என்பது குளுக்கோசெரிபுரோசிடேஸ் என்ற நொதி குறைபாட்டால் மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி எலும்பு நொறுங்கும் அரிய பரம்பரை நோய். இதற்கு 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து, பிரசவ மருத்துவமனைகளில் சேகரித்த நஞ்சுக்கொடிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்குப் பல ஆயிரம் நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. 1994இல் வெள்ளெலி இனத்து விலங்கின் சூலகச் செல்களில் அதையே செய்தார்கள். 2012இல் இஸ்ரேல் நிறுவனம் ஒன்று கேரட் செல்களில் செய்தது. மூன்றும் செய்கிற வேலை ஒன்றுதான். நோயாளிக்குள் போவது மூன்று முறையும் மனித நொதி. ஆனால் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைக்கிற வழக்கமுள்ள நம் ஊர்களில், அதை யாரோ அள்ளிப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு ஆலைக்கு அனுப்பினார்கள் என்றால் பெற்றவள் கேட்பது ஒன்றைத்தான்: என்னைக் கேட்டீர்களா? கேரட் இந்தக் கேள்வியைத் தேவையற்றதாக்கிவிட்டது. மறுசேர்க்கை நுட்பத்தை இயற்கைக்கு எதிரானது என்று பொதுவாகச் சபிக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆயிரம் தாய்களின் உடம்பிலிருந்து எடுப்பதைவிட ஒரு வேரிலிருந்து எடுப்பது, அகிம்சையைப் பேசுகிற எந்த மரபுக்கும் நெருக்கமானது.

எல்லா மறுசேர்க்கைப் பொருளும் அப்படிச் சுத்தமானது என்று இதற்குப் பொருளில்லை. மனிதச் சர்க்கரைப் பூச்சு தேவைப்படும் நொதிகளை மனிதச் செல்களிலேயே வளர்க்கிறார்கள். கொரோனா காலத்தில் உலக ஆய்வுக்கூடங்கள் தேடிய ஏ.சி.இ.2 என்ற நொதி, வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் அதே நொதி, பெரும்பாலும் ஹெச்.இ.கே. 293 என்ற செல் வரிசையில் தயாரானது. அந்த வரிசை 1970களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு கருவின் சிறுநீரகச் செல்களிலிருந்து தொடங்கியது. கோவிஷீல்டு தடுப்பூசியும் அதே செல்களில்தான் வளர்க்கப்பட்டது. ஆகவே வில்லியனூரில் தடுப்பூசி போட்டுக்கொண்ட கத்தோலிக்கர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. 2020 டிசம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட குறிப்பு, வேறு தடுப்பூசி கிடைக்காதபோது இப்படிப்பட்டவற்றைப் போட்டுக்கொள்ளலாம், அது கருச்சிதைவை ஏற்பதாகாது என்றது. கூடவே அத்தகைய செல்களைச் சாராத தடுப்பூசிகளைச் செய்ய நிறுவனங்களும் அரசுகளும் முயல வேண்டும் என்றும் கேட்டது. அந்தக் குறிப்பின் முடிவோடு ஒருவர் உடன்படலாம், மாறுபடலாம். அது கேட்ட கேள்வி மருந்துக்குள் கருவின் துணுக்கு இருக்கிறதா என்பது அல்ல. அன்று செய்யப்பட்ட செயலோடு இன்று ஊசி போட்டுக்கொள்பவருக்கு எவ்வளவு தூரம் என்பது. கேள்வியை இப்படி வைப்பதே சரி என்கிறேன். நெல் லைசோசைமுக்கு அந்தத் தூரத்தை அளக்கும் வேலையே இல்லை. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றிலிருந்து அவரைக் கேட்காமல் எடுத்த ஹீலா செல்களில் செய்த புரதத்துக்கோ அந்த வேலை நிறைய இருக்கிறது.

இன்னோர் ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வரும். மனித உடம்பு வெறும் வடிவம், அந்த வடிவத்தை எங்கும் அச்சடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், உடம்பின் மரியாதை என்ன ஆகும்? நாளைக்கு நம் ஒவ்வோர் அணுவும் பட்டியலில் விலையோடு வந்துவிடாதா? இதற்குப் பெரியபுராணத்திலிருந்தே இன்னொரு கதையை எடுக்கிறேன். சுந்தரநாதர் என்ற யோகி, இறந்துகிடந்த இடையன் மூலனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைப் பார்த்து, அவற்றின் துயர் தீர மூலன் உடம்புக்குள் புகுந்தார். அவரே திருமூலர். உடம்பு முழுக்க முழுக்க மூலனுடையது, ஒரு நொதி பாக்கியில்லாமல். ஆள் மூலன் இல்லை. மூலனின் மனைவி வந்து வீட்டுக்கு அழைத்தபோது அவர் தம்மைத் தொடவிடவில்லை. முழு உடம்பே கைக்கு வந்தும் அந்த உடம்போடு சேர்ந்திருந்த உறவு தமக்கு உரியதாகாது என்று விலகி நின்றார். உடம்பை மாயையால் ஆன இயந்திரமாகக் காணும் சித்தாந்தம் உடம்பை இழிவுபடுத்தவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உடம்பைக் கோயிலாகக் கண்டவரும் இதே திருமூலர்தான். மரியாதை அணுக்களில் இல்லாததால் அணுக்களை அச்சடிப்பதால் அது குறையாது. குறைவது வேறோர் இடத்தில்: வடிவத்துக்கே ஒருவர் சொந்தம் கொண்டாடும்போது. 2013இல் மிரியட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள மனித மரபணுவைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை கிடையாது என்றது; ஆனால் ஆய்வுக்கூடத்தில் மறுபடி எழுதிய வடிவத்துக்குக் கதவைத் திறந்தே வைத்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு, இயற்கையில் இருக்கும் பொருளைக் கண்டறிவது கண்டுபிடிப்பாகாது என்கிறது. யாருடைய கண்ணீரிலும் இருக்கிற வரிசை யாருக்கும் தனிச்சொத்தாகாது என்பது சட்டப்புத்தகத்தில் இருந்தாலும் சமயவாதிகள் கையில் எடுக்க வேண்டிய நிலைப்பாடு. தீட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவர்கள் இதைப் பேசுவதில்லை என்பது என் குறை.

வயலுக்குத் திரும்பினால், அங்கே எழுகிற ஆட்சேபம் இன்னும் கைக்கெட்டியது. 2005இல் மிசோரி மாநிலத்தில் இந்த நெல்லைப் பயிரிட முயன்றபோது உள்ளூர் நெல் விவசாயிகள் எதிர்த்தார்கள். அரிசி வாங்கும் பெரிய பீர் நிறுவனம், அங்கே அது பயிரானால் அம்மாநில அரிசியையே வாங்க மாட்டோம் என்றது. திட்டம் கன்சாஸுக்கு நகர்ந்தது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர், காற்றில் கலப்பது குறைவு. ஆனால் அறுவடை இயந்திரத்திலும் களத்திலும் மூட்டையிலும் மணி கலப்பதை எந்தப் பூவும் தடுக்காது. ஏரி நீரை வாய்க்கால் வழி பகிர்ந்து, அடுத்தடுத்து வரப்பு வைத்து, ஒரே இயந்திரத்தை வாடகைக்கு மாற்றி மாற்றி எடுக்கிற பாகூர் வயல்களில் இது இன்னும் எளிதில் நடக்கும். படையலுக்கு நெல் கொண்டுபோகிறவர் தன் நெல் எது என்று அறிந்து கொண்டுபோக வேண்டும் என்று கேட்பது மூடத்தனம் ஆகாது. லைசோசைம் அந்த நெல்லைத் தீட்டாக்கிவிடும் என்பதற்காக அவர் கேட்கவில்லை. தானறியாமல் தன் கையால் ஒன்றைப் பிறர் செய்துவிடக் கூடாது என்கிறார். அண்டை வயல்காரருக்கு அந்த உரிமையை மறுக்கிற நெல் எவ்வளவு நன்மை தருவதானாலும் அங்கே வரக் கூடாது. மூடிய கூடத்திலோ, கேரட் செல்களைப் போலத் தொட்டியிலோ வளரட்டும்.

நன்மை இல்லாமலும் இல்லை. பெரு நாட்டின் லிமா நகரில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு, நெல்லில் விளைந்த மனித லைசோசைமும் லாக்டோஃபெரின் என்ற இன்னொரு தாய்ப்பால் புரதமும் சேர்த்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில் வயிற்றுப்போக்கு நீடித்த காலம் குறைந்தது. பெற்றோருக்கு எல்லாம் விளக்கி ஒப்புதல் வாங்கினார்களா என்பது பற்றி அங்கே பெரிய சர்ச்சையும் எழுந்தது. அப்படியொரு பொட்டலம் ஒருநாள் பாகூர்ப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேரலாம். அப்போது கோயில் குருக்களிடமும் பங்குத் தந்தையிடமும் பள்ளிவாசல் இமாமிடமும் போய், இதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். நொதி மனிதருடையதா என்பதில் அவர்கள் மூவரும் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இது எங்கே, எந்த வயலில் அல்லது எந்தச் செல்லில் வளர்ந்தது, அந்தச் செல் யாரிடமிருந்து எப்படி வந்தது, இதை முதலில் எந்த ஊர்க் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள், அந்தக் குழந்தைகளின் தாய்மாரிடம் அவர்கள் மொழியில் சொன்னார்களா என்று செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்டு, கிடைத்த பதிலைத் தாய்க்கு மறைக்காமல் சொல்லட்டும்.